மாமியின் பெட்டிகளும் மறுநாள் சோறும்

கேள்வி: எனக்கு 34 வயது. வெள்ளவத்தையில் மாடிவீடு ஒன்றில் கணவர், மூன்று வயது மகள், மாமியோடு இருக்கிறேன். மாமிக்கு 74 வயது. பிரிட்ஜில் இரண்டு தட்டு முழுக்க அவருடைய பழைய பிளாஸ்டிக் பெட்டிகள்தான், மொத்தம் 14. காலஞ்சென்ற மாமா 1981இல் குவைத்திலிருந்து கொண்டுவந்தவையாம். சில ஒட்டுகின்றன, சிலவற்றில் மஞ்சள் ஏறிவிட்டது. பழைய பிளாஸ்டிக் நஞ்சு என்று எல்லோரும் சொல்வதால் மகளின் சாப்பாட்டை அவற்றில் வைக்க நான் விடுவதில்லை. மத்தியானச் சோறு இரவு மிஞ்சினால் மாமி அதைச் சட்டியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியில் போட்டு வைத்து, மறுநாள் தானே சாப்பிட்டு முடிப்பார். அதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர் வத்தளையில் மகள் வீட்டுக்குப் போகும் நேரம் எல்லாவற்றையும் எறிந்துவிடலாமா? கணவர் ஒன்றும் பேசுகிறாரில்லை.

பதில்: "அதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை." இந்த வரியை நீங்களே திரும்ப ஒருமுறை வாசியுங்கள், தங்கச்சி. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகாத பெட்டி 74 வயது மனுசிக்கு எப்படி ஆகும்? நஞ்சென்று நம்பினால் முதல் வேலையாக அவர் கையிலிருந்து அதை வாங்கியிருப்பீர்கள். நம்பவில்லையென்றால் சிக்கல் பிளாஸ்டிக்கில் இல்லை, பிரிட்ஜின் இரண்டு தட்டு யாருடையது என்பதில்தான் இருக்கிறது.

பெட்டியை விடுங்கள், சோற்றைப் பாருங்கள். பதினொரு மணிக்கு இறக்கிய சோறென்றால் இரவு ஒன்பது மணிவரை சட்டியிலேயே கிடக்கிறது. கொழும்புச் சூட்டில் அது பத்து மணித்தியாலம். வெந்த சோற்றிலும் சாகாமல் தங்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி அந்த நேரத்தில் பெருகி நஞ்சு கக்கும். கிருமி செத்தாலும் அது கக்கிய நஞ்சு சூட்டில் அழியாது. மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கினாலும் சத்தியும் வயிற்றோட்டமும் வரலாம். இளம் உடம்பு ஒரு நாளில் தேறிவிடும். வயது போனவர்களை அது படுக்கையில் போட்டுவிடும். பழஞ்சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே என்று சொல்லாதீர்கள், அது தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் சோறு, இது அதுவல்ல.

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. எல்லோரும் சாப்பிட்டு எழும்பியவுடன் மிச்சச் சோற்றை அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் அது பிரிட்ஜுக்குள் இருக்கவேண்டும். உள்ளே 5 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். மறுநாளுக்குள் ஒரே தரம் நன்றாகச் சூடாக்கி முடித்துவிடுங்கள். அதையும் மாமி மட்டும் சாப்பிடக்கூடாது. மிச்சம் இருந்தால் நாலு தட்டிலும் பங்கு விழட்டும், அல்லது அரைச் சுண்டு அரிசியைக் குறைத்துப் போடுங்கள். வீட்டில் மூத்தவர் பழையதையும் மற்றவர்கள் புதியதையும் சாப்பிடும் மேசையை நான் சரியென்று சொல்லமாட்டேன். அவராக விரும்பித்தான் சாப்பிடுகிறார் என்பீர்கள். வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுகிறார், உங்களுக்குக் கரைச்சல் வேண்டாமென்றும் சாப்பிடுகிறார். அதை விருப்பம் என்று எழுதவேண்டாம்.

இனிப் பெட்டிகள். எல்லாவற்றையும் வைக்கவும் தேவையில்லை, எல்லாவற்றையும் எறியவும் தேவையில்லை. என்ன பிளாஸ்டிக் என்று சொல்லும் இலக்கத்தை அடியில் முக்கோணத்துக்குள் தேடாதீர்கள். அந்தக் குறி 1988இல்தான் வந்தது, உங்களுடையவை அதற்கு முந்தியவை. பேசினில் தண்ணீர் நிரப்பி, பெட்டியைச் சரித்து உள்ளே காற்று நிற்காமல் முழுதாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்தால் அது பொலிஎதிலீன் அல்லது பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை. மெழுகு தடவியதுபோல வழுவழுப்பாக, பால் நிறத்தில், அமத்தினால் வளையும் பெட்டிகள் பெரும்பாலும் இவைதான். அமெரிக்காவில் டப்பர்வெயர் பெட்டியைச் செய்த ஏர்ல் டப்பர் 1946இல் விற்கத் தொடங்கியதும் பொலிஎதிலீன் பெட்டிதான், பெயின்ற் பேணி மூடியைப் பார்த்துத்தான் அவர் தன் மூடியைச் செய்தார். எல்லோரும் பயப்படும் பிபிஏ என்ற இரசாயனம் இந்த வகையில் சேர்வதில்லை.

தாழ்ந்து அடியில் போய் இருப்பவை வேறு சாதி. கண்ணாடிபோலத் தெளிவாக, தட்டினால் கணீரென்று கேட்கும் பெட்டி பொலிஸ்டைரீனாக இருக்கலாம், பொலிகாபனேற்றாகவும் இருக்கலாம். முதலாவது மயிர்போல வெடித்து, வெடிப்புக்குள் அழுக்கைப் பிடித்துவைக்கும். இரண்டாவதில் பிபிஏ உண்டு. சாப்பாட்டுக்கு இரண்டும் வேண்டாம், ஊசி நூல் போடலாம். கடும் சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் பெட்டிகளையும் மிதந்தாலும் ஒதுக்குங்கள். அந்தக் காலத்துச் சாயங்களில் காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் கலந்தவை உண்டு. எந்தப் பெட்டியிலும் மேற்பரப்பு உரசிச் சுண்ணாம்புபோலப் பூத்திருந்தால், புளிக்கறியும் தேசிக்காயும் அதற்குள் போகவே கூடாது.

ஒட்டுவதற்குக் காரணம் இரண்டு. பொலிஎதிலீன் எண்ணெயை உறிஞ்சும், அது உள்ளே காறிப் பிசினாகிவிடும். அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணித்தியாலம் விட்டு மெல்லிய துணியால் துடைத்துக் கழுவுங்கள். ஒரு கிழமைக்குள் மறுபடி ஒட்டினால், பிளாஸ்டிக்கே பிரிகிறது அல்லது மூடி பிவிசி என்ற மென்மையான பிளாஸ்டிக், அதைக் குப்பையில் போடுங்கள். தும்பும் கம்பிப் பஞ்சும் தொடவேண்டாம், ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு வீடு. மஞ்சள் கறை அழுக்கல்ல, மஞ்சளின் நிறம் பிளாஸ்டிக்கில் ஊறியது. பல்கனி வெயிலில் இரண்டு நாள் வைத்தால் மங்கும். கிழமைக்கணக்கில் வைத்தால் பெட்டி நொறுங்கும்.

மூடி இறுகாவிட்டால் கை பொறுக்கும் சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, சுற்றிவர விரலால் அமத்தி, ஒரு ஓரத்தைத் தூக்கி நடுவை அமத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். பாதித் தண்ணீர் விட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், ஒழுகினால் அதில் சொதி வைக்காதீர்கள். கொதிக்கிற கறி இந்தப் பெட்டிக்கும் ஆகாது, மைக்ரோவேவும் ஆகாது. பிள்ளையின் சாப்பாட்டுக்கும் மாமியின் சாப்பாட்டுக்கும் ஒரேமாதிரிக் கண்ணாடிப் பெட்டி நாலு வாங்குங்கள். ஒரேமாதிரி என்பதைக் கவனியுங்கள்.

கணவருக்கும் ஒரு சொல்: தகப்பன் வெளிநாட்டில் உழைத்துக் கொண்டுவந்த சாமான், தாய் தின்னும் சோறு, இரண்டிலும் வாய் திறக்காமல் இருப்பது நடுநிலை அல்ல. மிச்சச் சோற்றைப் பரப்பி ஆறவிட்டு நேரத்துக்குப் பிரிட்ஜுக்குள் வைக்கும் வேலையை, அவர் வீட்டில் நிற்கும் நாட்களில் அவரிடமே கொடுங்கள்.

மாமி இல்லாத நேரம் பார்த்து எறிவது களவு. செய்யாதீர்கள். அவர் வத்தளையால் திரும்பி வந்த மறுநாள் பேசினில் தண்ணீர் நிரப்பிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். எது மிதக்கிறது, எது தாழ்கிறது என்று பேத்தி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கட்டும். ஒதுக்கவேண்டியதை மாமியே தன் கையால் ஒதுக்கட்டும். அந்தச் சின்னப் பெட்டி மிதந்தால், ஈரமில்லாமல் கடதாசியில் சுற்றிய கறிவேப்பிலையை அதில் வையுங்கள்.