தஜிகிஸ்தானில் ஒரு கோடைக்காலம்: வாசகர் கேள்வி – பதில்

தொண்டு நிறுவனப் பணிக்காகத் தஜிகிஸ்தான் செல்லவிருக்கும் வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். பலருக்கும் பொதுவாகப் பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைக் கிராமங்களில் குடிநீர் பற்றிக் கணக்கெடுக்கும் வேலை. பனி இல்லாத பருவம் என்பதால் எளிதாக முடியும் என்று நினைக்கிறேன். சரிதானா?

சாலையைப் பொறுத்தவரை சரி. கிழக்கே பாமிர் மலைப்பகுதிக்குத் தவில்தரா என்ற ஊர் வழியாகப் போகும் பாதையில் 3,252 மீட்டர் உயரத்தில் உள்ள சாகிர்தாஷ்ட் கணவாய் கோடையில்தான் திறந்திருக்கும். ஆனால் மனிதர்களைச் சந்திப்பதற்குக் கோடை கடினமான பருவம். இளம் ஆண்களில் பெரும்பாலோர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருப்பார்கள். வசந்தத்தில் போனால் பனிக்காலத்துக்குச் சற்று முன்தான் திரும்புவார்கள். மலைப்பகுதிப் பெண்களில் பலர் குழந்தைகளையும் மாடு, ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு 'ஐலோக்' எனப்படும் மேல்மலை மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விடுவார்கள். பாலைக் கடைந்து வெண்ணெயும், உலர் தயிர் உருண்டையும் செய்து குளிர்காலத்துக்குச் சேமிப்பது அங்கேதான். எனவே ஜூலை மாதம் காலை பதினொரு மணிக்கு ஊருக்குள் நுழைந்தால் முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான் கண்ணில் படுவார்கள். அவர்களிடம் மட்டும் கேட்டு எழுதினால் ஊரின் பாதிக் கதைதான் கிடைக்கும்.

முதலில் 'ஜமோஅத்' அலுவலகத்துக்குப் போங்கள். நாட்டின் கடைசிப் படி உள்ளாட்சி அது. உங்கள் நிறுவனக் கடிதத்தைக் கொடுத்து, தலைவரிடம் எந்தெந்தக் குடும்பம் மேலே போயிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளை ஒதுக்கி மேய்ச்சல் நிலத்துக்கே ஏறிப் போங்கள். மாலைப் பால் கறந்து முடிந்த பிறகு நிதானமாகப் பேசுவார்கள். தெற்கே கத்லோன் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே காலை ஆறு முதல் எட்டு வரைதான் பேச நல்ல நேரம். வெள்ளி நண்பகலில் யாரையும் அழைக்க வேண்டாம், தொழுகை நேரம்.

தண்ணீர் எடுக்கிற பெண்ணிடம்தான் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டு மருமகளுடையது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் வாய் திறப்பது அரிது. பெண் கணக்கெடுப்பாளர் ஒருவரை வாய்க்காலுக்கு அவளோடு நடந்துபோகச் செய்யுங்கள். எத்தனை நடை, எத்தனை வாளி, எந்த மாதம் தண்ணீர் கலங்கல் என்பதெல்லாம் அந்த நடையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஊற்று நீரை அளந்து குழாய்த் திட்டம் போடச் சொல்கிறார்கள். பொறியியல் படித்தவனில்லை. எப்படி அளப்பது?

20 லிட்டர் வாளி, கைப்பேசியில் நிறுத்துக் கடிகாரம், ஒரு துண்டுக் குழாய் போதும். ஊற்று வாயில் களிமண்ணால் சிறு அணை கட்டி, நீர் முழுவதும் குழாய் வழியாக விழும்படி செய்யுங்கள். ஓரத்தில் கசிந்தால் அளவு குறைவாக வரும். பொதுவாக நடக்கும் தவறு இதுதான். வாளி நிரம்பும் நேரத்தை மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். 25 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 0.8 லிட்டர், ஒரு நாளைக்கு 69,120 லிட்டர்.

அந்த எண்ணை வைத்து அப்படியே திட்டம் போட்டுவிடாதீர்கள். ஜூனிலும் ஜூலையிலும் மேலே பனி உருகிக்கொண்டிருக்கும்; ஊற்று பொங்கும் காலம் அது. பிப்ரவரியில் அதே ஊற்று பாதிக்கும் கீழே இறங்கிவிடுவது உண்டு. கோடை அளவை நம்பிக் கட்டிய தொட்டி குளிரில் காலியாகக் கிடந்தால், அடுத்த முறை அந்த ஊர் எந்த நிறுவனத்தையும் நம்பாது. ஊரிலேயே ஒருவருக்கு, முடிந்தால் பள்ளி ஆசிரியருக்கு, அளக்கக் கற்றுக்கொடுத்து மாதம் ஒரு முறை ஓராண்டு முழுக்க எழுதி வைக்கச் சொல்லுங்கள். பனியாற்று ஓடையாக இருந்தால் ஒரே நாளிலும் வித்தியாசம் இருக்கும்: விடியலில் வற்றலாகவும், பிற்பகலில் சேறு கலந்து வேகமாகவும் ஓடும். அந்தக் காரணத்தாலேயே ஓடையைக் காலில் கடப்பதானால் காலையில் கடந்துவிடுங்கள்.

குழி தோண்ட ஊர்க்கூட்டு உழைப்பைக் கேட்கலாம். 'ஹஷர்' என்றால் வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்பார். ஆனால் கோதுமை அறுப்பும் வைக்கோல் சேர்ப்பும் நடக்கிற ஜூலை, ஆகஸ்டில் கேட்காதீர்கள். மறுக்க மனமில்லாமல் வந்துவிடுவார்கள், வயல் வேலை கெடும். அறுவடை முடிந்த பிறகு, தரை உறைவதற்கு முன், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை சரியான காலம்.

கேள்வி: ஒவ்வொரு வீட்டிலும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வார்களாமே? மறுத்தால் அவமரியாதையா? என்னென்ன முறை தெரிந்திருக்க வேண்டும்?

விருந்தோம்பலில் தஜிகியர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அதனால் அந்தக் கணக்கை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் இருக்கிற ஒரே ஆட்டை அறுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. நீங்கள் உதவப் போன வீட்டின் குளிர்காலச் சேமிப்பு ஒரு மதிய உணவில் கரைந்துவிடும். உள்ளூர்ச் சக ஊழியர் மூலம் முந்தைய நாளே "தேநீர் மட்டும்தான், அடுத்த வீட்டில் வேலை இருக்கிறது" என்று சொல்லியனுப்புங்கள். உணவு வேளையில் போய் நிற்காதீர்கள். தேநீரையும் ரொட்டியையும் மட்டும் ஒருபோதும் மறுக்காதீர்கள். ஒரு துண்டு ரொட்டி எடுத்து வாயில் போட்டால் போதும், மரியாதை நிறைவேறிவிடும்.

முறை இதுதான். வாசலில் செருப்பைக் கழற்றி, வலது கையை நெஞ்சில் வைத்து "அஸ்ஸலோமு அலைக்கும்" சொல்லுங்கள். ஆண்கள் பெண்களுக்குத் தாமாகக் கை நீட்ட வேண்டாம். தரையில் 'குர்பச்சா' என்ற நீள மெத்தைகளை விரித்து, நடுவே 'தஸ்தர்கான்' என்ற விரிப்பைப் போடுவார்கள். கதவுக்கு மிகத் தொலைவில் உள்ள இடம் மதிப்புக்குரியது. உங்களை அங்கே உட்காரச் சொல்வார்கள். ஒரு முறை தயங்கிவிட்டு உட்காருங்கள். பெரியவர் ஒருவர் இருந்தால் அவருக்குக் கீழே உட்காருவது இன்னும் நல்லது. விரிப்பைத் தாண்டி நடக்காதீர்கள், அதை நோக்கிக் காலை நீட்டாதீர்கள்.

வீட்டின் இளையவர் மூக்குக் கூஜாவும் தட்டும் கொண்டுவந்து கையில் தண்ணீர் ஊற்றுவார். கழுவிய கையை உதறாதீர்கள், தோளில் தொங்கும் துண்டில் துடையுங்கள். வட்ட ரொட்டியைக் கத்தி படாமல் கையால் பிய்த்து எல்லோர் முன்பும் வைப்பார்கள். அதைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. தரையில் வைக்கவே கூடாது. பச்சைத் தேநீரைக் கெண்டியிலிருந்து பியோலாக் கிண்ணத்தில் ஊற்றித் திரும்பக் கெண்டியிலேயே விடுவார்கள், மூன்று முறை. சாயம் சீராக இறங்க அதுதான் வழி. பிறகு கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தருவார்கள். ஆறுவதற்குள் குடித்துத் திரும்ப நீட்டுவதும், உடனே ஊற்றுவதும்தான் அங்கே உபசரிப்பு. குறைத்துத் தருகிறார்களே என்று எண்ண வேண்டாம்.

விரிப்பில் பரப்பிய மிட்டாய், உலர் திராட்சை, பாதாம் எல்லாம் அடுத்த விருந்தாளிக்கும் சேர்த்துத்தான். கொறிக்கலாம், தட்டைக் காலி செய்ய வேண்டாம். முடிவில் பெரியவர் கைகளை ஏந்தி வேண்டி, "ஓமின்" சொல்லி முகத்தைத் தடவிக்கொள்வார். நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் கையேந்தி உட்கார்ந்திருங்கள். அதற்கு முன் எழுந்தால் வீட்டார் மனம் வாடும்.

கையில் கொண்டுபோகத் தேயிலை, சர்க்கரை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் நல்லது. விருந்துக்குப் பணம் நீட்டாதீர்கள். இரவு தங்கினால் வேறு விஷயம்: பாமிர்ப் பகுதியில் பல வீடுகள் கட்டணத்துக்குத் தங்கவைக்கின்றன. தொகையை முதலிலேயே கேட்டு, வீட்டுத் தலைவியின் கையில் கொடுங்கள்.

கேள்வி: நான் சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். 'ஓஷ்' எனப்படும் புலாவில் இறைச்சியை ஒதுக்கினாலும் அரிசி கொழுப்பில் வெந்ததுதான். உங்களுக்கான உணவு குரூத்தோப். நான்கு பேருக்கு உலர் தயிர் உருண்டை சுமார் 200 கிராம் எடுத்து, இரண்டு குவளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கையால் தேய்த்துக் கரைப்பார்கள். கரைசலை லேசாகச் சூடாக்கலாம், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அடுக்கடுக்கான 'பத்தீர்' ரொட்டியைப் பிய்த்து அகன்ற மரத்தட்டில் பரப்பி, மேலே கரைசலை ஊற்றுவார்கள். வெங்காயத்தை ஆளி விதை எண்ணெயில் வதக்கிச் சூட்டோடு கொட்டி, தக்காளி, வெள்ளரி, கொத்தமல்லி, துளசி இன ரெய்ஹான் இலை தூவுவார்கள். உருண்டையிலேயே உப்பு அதிகம் என்பதால் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. எல்லோரும் ஒரே தட்டில் கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: பத்தீரின் அடுக்குகளில் சில வீடுகளில் ஆட்டு வால் கொழுப்பு தடவுவார்கள், வெண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூசணி வைத்த சம்பூசா (சமோசா போன்றது), பால் சோறு, பாமிரில் உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்ட ஷிர்சோய் ஆகியவையும் கிடைக்கும். ஜூனில் மல்பெரி, ஜூலையில் ஆப்ரிகாட், ஆகஸ்டில் முலாம்பழம் என்று பழத்துக்குக் குறைவே இல்லை.

கேள்வி: வயிற்றுக்கோளாறு பற்றிப் பயமுறுத்துகிறார்கள். மலேரியா மாத்திரையும் வேண்டுமா?

மலேரியாவுக்கு வேண்டாம். 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தஜிகிஸ்தானை மலேரியா ஒழிந்த நாடாகச் சான்றளித்தது. டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் நீரை நேராகக் குடிக்காதீர்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். பாமிரில் மிக உயரத்தில் உள்ள முர்காப் ஊரில் நீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் உருளைக்கிழங்கும் வேகாமல் இழுக்கும், பிரஷர் குக்கர் உள்ள சமையலறையைத் தேடுங்கள். மணமூட்டாத வீட்டு ப்ளீச் இருந்தால் தெளிந்த நீருக்கு லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பனியாற்று நீர் சாம்பல் நிறத்தில் கலங்கியிருக்கும்; அதை இரவு முழுக்கத் தெளியவைத்துத் துணியில் வடிகட்டிய பிறகே ப்ளீச் விடுங்கள். கலங்கலில் குளோரின் வேலை செய்யாது. மேய்ச்சல் நிலத்தில் பச்சைப் பாலை அன்போடு நீட்டுவார்கள். காய்ச்சித் தரச் சொல்லுங்கள், புரூசெல்லா காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. பேதி கண்டால் ஒரு லிட்டர் சுத்த நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: விடுமுறையில் பாமிர் நெடுஞ்சாலையில் முர்காப் வரை போக ஆசை. தலைநகர் துஷான்பேயிலிருந்து எத்தனை நாள் வைத்துக்கொள்ள வேண்டும்?

குறைந்தது ஐந்து நாள், போக மட்டும். துஷான்பேயிலிருந்து ஹோரோக் சுமார் 600 கிலோமீட்டர். பங்கு ஜீப்பில் குறைந்தது 14 மணி நேரம். பாஞ்ச் ஆற்றை ஒட்டி, எதிர்க்கரையில் ஆப்கானியக் கிராமங்களைப் பார்த்துக்கொண்டே போகும் பாதை. மண்சரிவோ சாலைப் பணியோ வந்தால் இன்னும் பல மணி நேரம் கூடும். ஹோரோக்கும் முர்காபும் உள்ள கோர்னோ-படக்ஷான் பகுதிக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அது தற்காலிகமாக நிறுத்தப்பட்ட காலங்களும் உண்டு என்பதால் கிளம்பும் வாரத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். சோதனைச் சாவடிகளில் கொடுக்கக் கடவுச்சீட்டு, விசா, அனுமதி மூன்றின் நகல்களையும் பல பிரதிகள் எடுத்து வையுங்கள். எல்லைக் காவலையும் பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் படம் எடுக்காதீர்கள்.

ஹோரோக் 2,100 மீட்டர், முர்காப் 3,600 மீட்டர். நடுவே சுமார் 4,270 மீட்டர் உயரக் கொய்தெசெக் கணவாய். ஆபத்து எங்கே என்றால், முர்காபில் உயரத்தால் தலைவலி முற்றி வாந்தி எடுத்தால் "கீழே இறங்கு" என்ற வழக்கமான வைத்தியம் அங்கே கைகொடுக்காது. ஹோரோக்குக்குத் திரும்ப முதலில் அந்தக் கணவாயை ஏறித்தான் ஆகவேண்டும். ஆகவே உடம்பைப் பழக்கியே மேலே போங்கள்: ஹோரோக்கில் இரண்டு இரவு, குன்ட் பள்ளத்தாக்கில் 3,000 மீட்டருக்குக் கீழே ஒரு இரவு, ஜெலோந்தி வெந்நீர் ஊற்றருகே ஒரு இரவு, பிறகு முர்காப். மருத்துவர் சம்மதித்தால் உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி: கண்ணிவெடி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆப்கான் எல்லையோரமும், 1992–97 உள்நாட்டுப் போர் நடந்த மத்திய மலைப்பகுதியிலும் இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. மண்டையோட்டுப் பலகையையோ சிவப்புச் சாயம் பூசிய கல்லையோ கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகாது: வெள்ளமும் மண்சரிவும் வெடிகளைக் கீழே உருட்டிக் கொண்டுவரும். பாஞ்ச் கரையில் சிறுநீர் கழிக்கக்கூடச் சாலையை விட்டு இறங்காதீர்கள். மேய்ச்சல் நிலத்துக்கு ஏறும்போது ஆட்டிடையன் போகும் தடத்திலேயே, அவன் பின்னால் நடங்கள்.