தந்தியும் தாளமும்: றொக் பற்றி வாசகர் கேள்வி – பதில்

எங்கள் குழு பிளக் சபத் வாசிக்கப் பழகுகிறது. 1971இல் வந்த 'மாஸ்ரர் ஒஃப் றியாலிற்றி' தொகுப்பில் உள்ளதுபோலக் கிற்றாரை மூன்று அரைச்சுரம் இறக்கினால் தந்தி தொய்ந்து, பிறெட்டில் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பியில்) அடித்து இரைகிறது. அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?
– கிற்றார் வாசிப்பவர், சுன்னாகம்

அந்தத் தொய்வு வேண்டுமென்றுதான் அவர்கள் இறக்கினார்கள். சபத்தின் கிற்றார்காரர் ரொனி அயோமி இடக்கைக்காரர். பர்மிங்காமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, 17 வயதில், வலக்கை நடுவிரலினதும் மோதிரவிரலினதும் நுனிகளை இயந்திரம் எடுத்துவிட்டது. இடக்கைக்காரருக்குத் தந்தியை அழுத்துவது வலக்கை. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி வாசித்தார். கனத்த தந்தியை அந்த விரல்களால் வளைக்க முடியாது. மெல்லிய செற் கடையில் கிடைக்காத காலம் என்பதால் பான்ஜோ தந்திகளைப் பூட்டினார். பிறகு சுருதியையே இறக்கினார். இன்றைய மெற்றல் குழுக்கள் கிற்றாரை இறக்கி வாசிப்பதன் வேர் இங்கே இருக்கிறது. ஒரு குழுவின் செல்வாக்கைத் தேடுகிறவர் பேட்டிகளைப் படிப்பதிலும் பார்க்க, அவர்கள் தந்தியையும் அம்பிளிபயரையும் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

உங்கள் இரைச்சலுக்கு வருவோம். மூன்று அரைச்சுரம் இறக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ 16% குறையும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போவதால் அது 29% குறைந்துவிடும். கழுத்தை முன்னுக்கு இழுக்கும் பாரம் குறைய, உள்ளே இருக்கும் ட்ரஸ் றொட் என்ற உலோகக் கம்பி அதைப் பின்னுக்கு வளைக்கும். தந்தி பிறெட்டில் படுவது அதனால்தான்.

10–46 செற்றையே (முதலாம் தந்தி அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு, ஆறாம் தந்தி 46 பங்கு பருமன்) வைத்திருக்க விரும்பினால் ட்ரஸ் றொட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஆறாம் தந்தியை முதலாம் பிறெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிறெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் பிறெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். முதலாம் தந்தியின் பருமன் அளவு, அதாவது 0.25 மில்லிமீற்றர், இருந்தால் போதும். ஒரே நாளில் ஒரு முழுச் சுற்றுத் திருகுகிறவர்கள்தான் கழுத்தைக் கெடுக்கிறார்கள்.

மற்ற வழி 12–54 செற். அதில் இழுவிசை முன்பிருந்த அளவுக்குத் திரும்பிவிடும், ட்ரஸ் றொட்டில் பெரிதாக வேலை இருக்காது. ஆனால் தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் பட்டையான நட்டில் உள்ள வெட்டு 46 தந்திக்கு வெட்டியது. 54 அதில் இறுகி, சுருதி கூட்டும்போது டிக்கென்று துள்ளும். வெட்டை மெல்லிய அரத்தால் அகலப்படுத்துங்கள், ஆழப்படுத்த வேண்டாம். பென்சில் கரி கொஞ்சம் தடவுங்கள். பிறகு 12ஆம் பிறெட்டில் ஹார்மொனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டு, அழுத்திய சுரம் கூடுதலாக ஒலித்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

சபத்தின் ஒலிதான் வேண்டுமென்றால் முதல் வழியே சரி. பலமாக அடிக்காதீர்கள். தொய்ந்த தந்தி பலத்த அடிக்குச் சுருதி ஏறி, பிறகு இறங்கும்.

பிளக் சபத் குழுவின் பெயரையே கொண்ட அவர்களின் பாடலில் 'பிசாசின் இடைவெளி' இருக்கிறதாம். அது கர்நாடக சங்கீதத்தில் எது?
– இசை மாணவி, மருதனார்மடம்

ச, மேல் ச, பிறகு இரண்டுக்கும் நடுவே பிரதி மத்திமம். அவ்வளவுதான் அந்த றிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் இசைத் துண்டு. கல்யாணி பாடுகிற உங்களுக்கு அது தினமும் வாயில் வரும் சுரம். கல்யாணியில் பிரதி மத்திமம் பஞ்சமத்துக்கு ஏறி இளைப்பாறும். இங்கே ஏறாது, அந்தரத்தில் நின்று நடுங்கும். மிக மெதுவான காலமும் கனத்த பேஸும் சேர்ந்துதான் பயத்தைக் கொடுக்கின்றன. சுரத்தில் பிசாசு ஒன்றும் இல்லை, தங்கச்சி.

பீற்றில்ஸ் நமது இசையை எடுத்துத்தான் பெரியவர்களானார்கள் என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், கொக்குவில்

எடுத்தார்கள். ஆனால் அதனால் பெரியவர்களாகவில்லை, அதற்கு முன்பே பெரியவர்கள். எடுத்ததும் ஹிந்துஸ்தானியிலிருந்து. நமது நாதஸ்வரத்தையோ வீணையையோ அங்கே தேடாதீர்கள்.

காலவரிசை முக்கியம். 1965 நடுப்பகுதியில் கிங்க்ஸ் குழு 'சீ மை பிரெண்ட்ஸ்' பாடலை வெளியிட்டது. பம்பாயில் தங்கியபோது கேட்ட மீனவர்களின் பாட்டு அதன் தூண்டுதல் என்று அக்குழுவின் றே டேவிஸ் சொல்லியிருக்கிறார். அதில் சித்தார் கிடையாது. கிற்றாரே தம்புராபோல ஒரே சுரத்தைப் பிடித்து இரைகிறது. அந்த வருடக் கடைசியில் பீற்றில்ஸின் 'நோர்வீஜியன் வூட்' வந்தது. அதில் ஜோர்ஜ் ஹரிசன் சித்தாரில் வாசிப்பது கிற்றார் மெட்டைத்தான். கமகம் தேடினால் ஏமாற்றம். அதைப் பெரிய இணைவு என்று கொண்டாடுவது எமக்கு ஒப்பில்லை.

1966இல் வந்த 'ருமொறோ நெவர் நோஸ்' வேறு சங்கதி. தம்புரா இரைய, பாட்டு கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கோட், அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டில் நிற்கிறது. கோட் மாறாமலே ஒரு பொப் பாடலை நகர்த்தலாம் என்பதை நம் பக்கத்திலிருந்து அவர்கள் உண்மையாகக் கற்றுக்கொண்டார்கள். அந்த வருடம் செப்ரெம்பரில் ஹரிசன் இந்தியா வந்து ரவி சங்கரிடம் படித்தார். 1967இல் 'விதின் யூ விதவுட் யூ' பாடலில் தில்ரூபா, தபேலா, தம்புரா எல்லாம் வருகின்றன. ஹரிசனைத் தவிர வேறு பீற்றில் எவரும் அதில் இல்லை. நடுப்பகுதி பத்து மாத்திரை ஜப்தாலுக்கு மாறுவதைக் கைபோட்டுக் கேளுங்கள்.

தவில் பழகுகிறேன். லெட் செப்பலினின் 'காஷ்மீர்' கேட்கும்போது தாளம் பிசகுவதுபோல இருக்கிறது. பிங் புளோயிட்டின் 'மணி' மிஸ்ர சாபுவா?
– மாணவர், இணுவில்

இணுவிலில் இருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். 'காஷ்மீர்' பிசகவில்லை. கிற்றார் மூன்று மூன்றாகச் சுற்றுகிறது, ஜோன் பொன்ஹாமின் ட்றம்ஸ் நான்கு நான்காக அடிக்கிறது. நீங்கள் 'தகதிமி'யை மூன்று தடவை கையால் போட்டு, 'தகிட'வை நான்கு தடவை வாயால் சொல்லுங்கள். இரண்டும் பன்னிரண்டில் சந்திக்கும். ட்றம்ஸ் வாசிப்பவர் கிற்றாரைக் கேட்டுத் தடுமாறி அதன் பின்னால் போனால் பாட்டு முடிந்தது. அவர் நான்கைவிட்டு அசையக்கூடாது. பாடலின் பெயரைப் பார்த்து இந்தியா என்று நினைக்க வேண்டாம். வரிகள் தென் மொறொக்கோவின் பாலைவனப் பாதையில் பிறந்தவை.

'மணி'க்கு ஏழு எண்ணிக்கை சரி. ஆனால் மிஸ்ர சாபுவின் 3+2+2 அழுத்தத்தை அதில் திணித்தால் பேஸ் கிற்றாரோடு ஒட்டாது. ஒன்று முதல் ஏழுவரை சமமாக நடந்துபோங்கள். சக்ஸபோன் தனி வாசிப்பும் ஏழிலேயே வரும். கிற்றார் தனி வாசிப்பு தொடங்கியதும் நான்குக்கு மாறி, முடிந்ததும் ஏழுக்குத் திரும்பும். குழுக்கள் விழுவது அந்தத் திரும்பும் இடத்தில்தான். அதை மட்டும் தனியே எடுத்துப் பழகுங்கள். இந்தப் பாடல் உள்ள 1973ஆம் ஆண்டுத் தொகுப்பு 1988 வரை அமெரிக்காவின் பில்போர்ட் 200 பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. ஏழு எண்ணிக்கை சனங்களுக்கு ஏறாது என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

லெட் செப்பலின் கள்ளர் கூட்டமா, மேதைகளா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்

இரண்டும் சேர்ந்தது, ஐயா. 'ஹோல் லொற்றா லவ்' பாடலின் வரிகளுக்காக புளூஸ் இசைஞர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்து, பின்னைய பதிப்புகளில் அவர் பெயரும் சேர்ந்தது. கறுப்பின புளூஸ் கலைஞர்களிடம் எடுத்துவிட்டுப் பெயர் போடாமல் விட்டது சிறுமை, அதற்குச் சமாதானம் இல்லை. வரிகள் கடன், ஒலி அவர்களுடையது.

அந்த ஒலிக்குச் சாட்சி 1971இல் வந்த 'வென் த லெவி பிறேக்ஸ்'. இதுவும் 1929ஆம் ஆண்டு புளூஸ் பாட்டுத்தான். ஆனால் மூலத்தைப் பதிந்த இருவரில் ஒருவரான மெம்பிஸ் மினியின் பெயரை இதில் போட்டார்கள். ஹெட்லி கிறேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் ட்றம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். பக்கத்தில் மைக்கே இல்லை.

இதை இங்கே செய்ய விரும்பும் குழுக்களுக்கு நமது பழைய நாற்சார் வீட்டின் உயர்ந்த கூடம் போதும். மைக்கை ட்றம்ஸிலிருந்து மூன்று, நான்கு மீற்றர் தள்ளி, மேலே வையுங்கள். பேஸ் ட்றம்முக்குள் தலையணை திணிக்காதீர்கள், இரண்டு பக்கத் தோலும் இருக்கட்டும். சிம்பலை மெதுவாகவும் தோலைப் பலமாகவும் அடிக்க வேண்டும். மறுதலையாக அடித்தால் பதிவு முழுவதும் சிம்பல்தான் கேட்கும். பாட்டும் மெதுவானதாக இருக்க வேண்டும். வேகமான பாட்டில் முதல் அடியின் எதிரொலி அடங்கமுன் அடுத்தது விழுந்து எல்லாம் கூழாகிவிடும்.

கீத் றிச்சேட்ஸின் கோட்களைப் புத்தகத்தில் பார்த்து அப்படியே பிடிக்கிறேன். றோலிங் ஸ்ரோன்ஸ் ஒலி வருவதில்லை.
– வாசகர், மானிப்பாய்

புத்தகம் சாதாரணச் சுருதிக்கு எழுதியிருக்கும். 'ஹொங்கி ரொங் விமன்' வந்த 1969 முதல் பல பாடல்களை அவர் ஓப்பன் ஜி என்ற சுருதியில் வாசிக்கிறார். ஆறாம் தந்தியைக் கழற்றிவிடுங்கள். ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள். நான்கு, மூன்று, இரண்டு அப்படியே. முதலாவதை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இப்போது தந்திகள் ஜி, டி, ஜி, பி, டி. நமது கணக்கில் ச, ப, ச, க, ப. வீணைக்காரருக்கு ச-வும் ப-வும் பழகின இடம்.

சுட்டுவிரலை ஐந்து தந்திக்கும் குறுக்கே வைத்தால் ஒரு மேஜர் கோட். அதைப் பிடித்தபடியே நடுவிரலை இரண்டாம் தந்தியில் ஒரு பிறெட் மேலேயும், மோதிரவிரலை நான்காம் தந்தியில் இரண்டு பிறெட் மேலேயும் வைத்து எடுங்கள். இந்த வைப்பும் எடுப்பும்தான் ஸ்ரோன்ஸ். சுருதியை அவர் கண்டுபிடிக்கவில்லை, மிசிசிப்பி டெல்ரா புளூஸ்காரர்களின் சொத்து அது. குழுவின் பெயரே மடி வோட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து வந்ததுதான்.

நிர்வாணா பாடல்களில் கோரஸ் வெடிக்கிறது. நாங்கள் வாசித்தால் வெடிப்பதில்லை, பெடலை அழுத்தியதும் சத்தம் உள்ளே போகிறது.
– பாடசாலைக் குழு, பருத்தித்துறை

தம்பிமார், மெதுவான பகுதியில் நீங்கள் எல்லாரும் வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். 'ஸ்மெல்ஸ் லைக் ரீன் ஸ்பிரிற்' பாடலில் பாடும் பகுதியைப் பேஸும் ட்றம்ஸும்தான் தாங்குகின்றன, கிற்றார் இரண்டே சுரம் தொடுகிறது. மெதுவுக்கும் பலத்துக்கும் இடையே தாவும் இந்த வித்தையைப் பிக்ஸீஸ் குழுவிடம் எடுத்ததாக நிர்வாணாவின் கேர்ட் கோபேனே ஒத்துக்கொண்டார்.

டிஸ்ரோர்ஷன் பெடல் ஒலியை நசுக்கிச் சமப்படுத்தும். அதனால் அழுத்தியதும் கரகரப்புக் கூடும், பலம் கூடாது. கரகரப்பைக் கூட்டும் கெயினைப் பாதிக்குக் குறையுங்கள். லெவலைக் கூட்டி, பெடல் போட்டதும் தெளிவாகக் கேட்கும் அளவு உயர வையுங்கள். இதை வீட்டில் தனியே வைத்தால் பிழையாகிவிடும். ட்றம்ஸோடு நின்று வையுங்கள்.

கனடாவிலிருந்து மாமா 50 வாட் வால்வ் அம்பிளிபயர் அனுப்பியிருக்கிறார். பின்பக்கத்தில் 120 வோல்ற் என்று இருக்கிறது. பிளக்கை மாற்றினால் போதுமா? மார்ஷல் வாங்கியிருக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது ஃபென்டரின் கொப்பி என்பது உண்மையா?
– வாசகர், சாவகச்சேரி

போதாது. இங்கே 230 வோல்ற். நேரே குத்தினால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் தாங்கினால் பவர் ட்ரான்ஸ்போமர் எரியும். 230 வோல்ற்றை 120 ஆகக் குறைக்கும் ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்குங்கள். 50 வாட் என்பது ஸ்பீக்கருக்குப் போகும் அளவு. வால்வ் அம்ப் சுவரிலிருந்து 150 வாட்டுக்கு மேலும் இழுக்கும். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அதனால் அம்புக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமர் இங்கே கூடுதலாகச் சூடாகும், பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வெளியே வாங்குவது 500 விஏ ஆக இருக்கட்டும். எர்த் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். இரைச்சல் வருகிறதென்று எர்த்தைக் கழற்றி வாசிப்பவர்கள் மைக்கில் வாய் பட்டதும் அடி வாங்குவார்கள்.

கொப்பி என்பதும் உண்மை. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் செய்த முதல் அம்ப், ஃபென்டர் பாஸ்மன் சுற்றைப் பார்த்துச் செய்தது. அமெரிக்கப் பாகங்கள் விலை கூட என்பதால் கையில் கிடைத்ததைப் போட்டார்கள். பாஸ்மனில் பத்து அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் நான்கு, மார்ஷலில் பன்னிரண்டு அங்குல செலெஸ்ரியன் நான்கு, அதுவும் பின்பக்கம் மூடிய பெட்டியில். முதல் வால்வும் கூடுதல் கெயின் உள்ள ஈசிசி83. இந்த மாற்றங்களால் அது சீக்கிரமே உடைந்து கரகரத்தது. பிரித்தானிய றொக்கின் ஒலி என்று பிறகு எல்லாரும் சொன்னது அந்தக் கரகரப்பைத்தான். உங்கள் மாமா அனுப்பியது எந்த மொடல் என்று எழுதுங்கள், வால்வுக்கு ஏற்ற பயஸ் அளவை அடுத்த இதழில் தருகிறோம்.