அரசியின் ஓவியரும் புரட்சியின் ஓவியரும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாகர்கோவில் கூட்டத்தில் பிரெஞ்சு ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ரன் பற்றிய தங்கள் உரையைக் கேட்டேன். அரசி மேரி அன்டோனெட்டை அழகுற வரைந்துவிட்டு, பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் எழுந்தபோது நாட்டைவிட்டு ஓடியவர், தாங்கள் சொல்வதுபோல் பெண் ஓவியர்களுக்கு எப்படி முன்னோடி ஆவார்? அங்கேயே இருந்து புரட்சியாளர்களை வரைந்த பெண் ஓவியர் லபீய் கியார் அல்லவா அதற்குரியவர்?

வாசகர், குலசேகரம்

அன்புள்ள நண்பருக்கு,

விஜே லெ ப்ரன் ஓடியது உண்மைதான். 1789 அக்டோபர் 6 அன்று, அரச குடும்பத்தை மக்கள் வெர்சாய் அரண்மனையிலிருந்து பாரிசுக்குக் கொண்டுவந்த அதே இரவில், மகளை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குப் புறப்பட்டார், 1802இல்தான் திரும்பினார். அரண்மனைக்காக வரைந்தார் என்பதனால் மட்டும் ஒருவரைத் தள்ளிவிடுவதானால், பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்களையும் நாம் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

தாங்கள் பிரித்துக் காட்டும் அளவுக்கு அவ்விருவரும் எதிரெதிர் அணியினர் அல்லர். அரச ஓவியக் கழகம் நான்கு பெண்களுக்கு மேல் ஏற்காத காலத்தில், 1783 மே 31 அன்று இருவரும் ஒரே நாளில் உறுப்பினராயினர். விஜே லெ ப்ரனின் கணவர் ஓவிய வணிகர் என்பதால் எழுந்த தடையை மன்னரின் தலையீடே நீக்கியது. லபீய் கியாரும் மன்னரின் அத்தைமாருக்கு ஓவியராக இருந்தவரே. பின்னர் 1791இல் அவர் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் உள்ளிட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் உருவப்படங்களைக் காட்சிக்கு வைத்தார்; அதற்குப் புரட்சி அளித்த கைம்மாறு, மன்னரின் தம்பிக்காக அவர் வரைந்துவந்த பெரிய ஓவியத்தை 1793இல் அழிக்க ஆணையிட்டதே. சமத்துவம் பேசிய அக்குடியரசின் வழிவந்த நாட்டில், பாரிசின் அரசு ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1897 வரை ஆயிற்று.

‘அழகுற வரைந்தார்’ என்பதையும் நான் முழுமையாக ஏற்கமாட்டேன். 1783இல் அரசியை எளிய மஸ்லின் உடையில் அவர் வரைந்த படம், உள்ளாடையில் நிற்பதுபோல் இருக்கிறது என்ற கண்டனத்தால் காட்சியிலிருந்தே அகற்றப்பட்டது. 1787இல் அரசியையும் குழந்தைகளையும் வரைந்த படமோ, கெட்டுப்போன பெயரை மீட்பதற்கான பிரசாரந்தான். ஆயினும் இறந்துபோன பெண்குழந்தையின் வெற்றுத் தொட்டில் அதில் இருப்பதால், பிரசாரம் என்று மட்டும் சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை.

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் லபீய் கியாரையே சொல்வேன், ஆனால் ரோபஸ்பியரை வரைந்ததற்காக அல்ல. 1785இல், நான்கு பேர் என்ற அந்த வரம்பு நடப்பில் இருந்தபோதே, தன்னுருவப்படத்தில் தம் மாணவிகள் இருவரையும் உடன் நிறுத்தி வரைந்தார். 1790இல் அவ்வரம்பையே நீக்கவேண்டும் என்று கழகத்தில் வாதாடினார்.

அன்புடன்