குளிர்காலத்தில் என் மலைப்பாம்பு ஏன் இரை எடுக்க மறுக்கிறது?

ஜோகன்னஸ்பர்க்கில் நீங்கள் வளர்க்கும் ஆறு வயது ஆண் பர்மிய மலைப்பாம்பு ஏப்ரல் கடைசியிலிருந்து முயலைத் தொடவில்லை என்றும், பத்து வாரமாகிவிட்டதால் வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊட்ட வேண்டாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பதினொரு ஆண்டுகளாக இதே இனத்து ஆண் பாம்பு ஒன்றை வளர்த்துவருகிறேன். பருவமடைந்த பிறகு அது எந்தக் குளிர்காலத்திலும் ஒழுங்காக இரை எடுத்ததில்லை.

அசையாமல் கிடப்பவரைப் பார்த்து 'இரை விழுங்கிய மலைப்பாம்பு போல' என்கிறோம். அப்படிக் கிடக்கும் பாம்பின் உடலுக்குள் நடக்கும் வேலையோ மிகப் பெரியது. விழுங்கிய ஓரிரு நாளில் அதன் சிறுகுடல் ஏறத்தாழ இரு மடங்கு எடை கொள்கிறது. இதயம் 40 விழுக்காடு வரை பருப்பதாகப் பர்மிய மலைப்பாம்புகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. இரை மிகப் பெரியதானால் உடலின் ஆற்றல் செலவு ஓய்வு நிலையைவிட நாற்பது மடங்கு வரைகூட உயர்கிறது. இத்தனைக்கும் வேண்டிய சூட்டைப் பாம்பு வெளியிலிருந்துதான் பெற வேண்டும். சூடு போதாவிட்டால் செரிமானம் தடைப்பட்டு, விழுங்கிய முயல் வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். ஆகவே குளிர் தெரிந்த பாம்பு வாயை மூடிக்கொள்வது தன் உயிரைக் காத்துக்கொள்ளும் செயல்.

கூண்டுக்குள் 32 டிகிரி வைத்திருக்கும்போதும் மறுப்பானேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கே வீடுகள் குளிருக்கென்று கட்டப்பட்டவை அல்ல. ஜூலை இரவுகளில் உங்கள் ஊரில் வெளிக்காற்று 4 டிகிரி அளவுக்கு இறங்கும்போது கண்ணாடிச் சுவரும் கூண்டின் குளிர்ந்த மூலையும் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பகல் குறுகுவதும் பாம்புக்குத் தெரிகிறது. அதோடு, பருவமடைந்த ஆணுக்கு இது இணை தேடும் காலம். இரவெல்லாம் கூண்டைச் சுற்றி ஊர்ந்து, மூலைகளை மூக்கால் தள்ளிக்கொண்டிருக்குமானால் அதன் கவனம் வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள். வடகோளத்தில் இருப்பவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை என்று எழுதுவதை நாம் ஆறு மாதம் நகர்த்திப் படிக்க வேண்டும். நமக்கு அது மே முதல் செப்டம்பர் வரை.

நம் மண்ணின் மலைப்பாம்பையும் பாருங்கள். பிரிட்டோரியாவுக்கு வடக்கே டினோகெங் காப்பகத்தில் தென்னாப்பிரிக்க மலைப்பாம்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் அலெக்சாண்டர், தாய்ப்பாம்பு இனப்பெருக்கக் காலம் முழுவதும் இரையே எடுக்காமல் உடல் எடையில் 40 விழுக்காடு வரை இழப்பதையும், நிறம் கருத்து வெயிலில் சூடேறி வந்து முட்டைகளைச் சுற்றிக்கொள்வதையும், குஞ்சு பொரித்த பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் உடனிருப்பதையும் பதிவு செய்திருக்கிறார். பட்டினி இவ்வுயிர்களின் வாழ்க்கை முறையில் ஓர் அங்கம் என்பதை அதைப் படித்த பிறகே நான் முழுமையாக நம்பினேன்.

நம்புவதற்கு முன் தவறு செய்தேன். மூன்றாம் ஆண்டு ஜூலையில், எட்டு வாரப் பட்டினியைப் பொறுக்கமாட்டாமல், வெதுவெதுப்பாக்கிய முயலை மூக்கருகே ஆட்டி ஆட்டி விழுங்கவைத்துவிட்டேன். மறுநாள் இரவும் அதற்கடுத்த இரவும் நீண்ட மின்வெட்டு. சூடேற்றும் பலகை ஆறிப்போய்க் கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் அழுகிய முயலைக் கக்கியிருந்தது. அந்த நாற்றத்தைவிட, சோர்ந்து கிடந்த அதன் முகமே இன்னும் என் நினைவில் நிற்கிறது. அன்று முதல் மின்கல இன்வெர்ட்டர் ஒன்றைக் கூண்டுக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன்.

ஏனெனில் பட்டினி வேறு, குளிர் வேறு. பட்டினியைத் தாங்கும் இதே இனம் கடுங்குளிரைத் தாங்குவதில்லை: 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவைத் தாக்கிய குளிரில், எவர்கிளேட்ஸ் பகுதியில் வானொலிக் கருவி பொருத்திக் கண்காணித்த 10 பர்மிய மலைப்பாம்புகளில் 9 மாண்டன. இரை எடுக்காவிட்டாலும் சூடான பக்கத்தில் 31 முதல் 33 டிகிரி வரை இருக்கட்டும். இரவிலும் கூண்டின் எந்த மூலையும் 24க்குக் கீழே போக வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். உங்கள் ஊரின் குளிர்காலக் காற்று மிக வறண்டது என்பதால் ஈரப்பதத்தையும் கவனியுங்கள். இல்லாவிட்டால் சட்டை துண்டு துண்டாக உரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு எழுதிவைப்பதே உண்மை நிலையைக் காட்டும். நல்ல உடல்நிலையில் உள்ள ஆண் பாம்பு மாதக்கணக்கில் உண்ணாவிட்டாலும் எடை சிறிதளவே குறையும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, முதுகெலும்பு துருத்தினாலோ, மூச்சில் சீழ்க்கை ஒலியும் வாயோரத்தில் சளிக்குமிழும் தெரிந்தாலோ, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இறந்த இரையைக் காட்டிப் பார்க்கலாம்; ஓர் இரவுக்குள் எடுக்காவிட்டால் அகற்றிவிடுங்கள். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மந்தமாகக் கிடக்கும் பாம்பை அது கடித்துக் குதறிவிடும்.

என்னுடையது பெரும்பாலும் செப்டம்பர் நடுவில் நாக்கை நீட்டியபடி கதவருகே வந்து காத்திருக்கும். அப்போதும் வழக்கமான அளவில் பாதியுள்ள முயலையே முதலில் கொடுக்கிறேன். அது செரித்துக் கழிவு வெளியேறிய பின்னரே அடுத்தது.