நோக்கியா 9000 கம்யூனிகேட்டரில் ஃபேக்ஸ் எப்படி அனுப்பினார்கள், எப்படிப் பெற்றார்கள்?

1996-ல் வந்த நோக்கியா 9000 மூடியிருந்தால் போன். திறந்தால் முழு விசைப்பலகையும் 640×200 புள்ளித் திரையும் கொண்ட கைக்கணினி. அதில் ஃபேக்ஸுக்கென்றே தனி விசை உண்டு. கீழே சொல்வதெல்லாம் இந்தக் கருவி புழக்கத்தில் இருந்த காலத்து நிலை; இன்றைய நிலை கடைசியில். ஆனால் விசையை அமுக்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்: அந்தக் கருவிக்குள் கீச்சிடும் ஃபேக்ஸ் மோடம் கிடையாது.

சாதாரண லைனில் ஃபேக்ஸ் என்பது வெறும் சத்தம். ஜி.எஸ்.எம். (2ஜி மொபைல் முறை) போனோ குரலை நொடிக்கு 13 கிலோபிட்டாகச் சுருக்குகிறது. அந்தச் சுருக்கம் மனிதத் தொண்டையின் இயல்பை வைத்து அமைந்தது. மோடத்தின் சத்தம் அதில் நசுங்கிப்போகும். அதனால் கம்யூனிகேட்டர் பக்கத்தின் படத்தை நொடிக்கு 9600 பிட் வேகத்தில் வெறும் எண்களாகவே அனுப்பும். அதைச் சத்தமாக மாற்றும் மோடம் மொபைல் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. அந்த மோடம் உங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. குரல் அழைப்பு நன்றாகப் போகிறது, ஃபேக்ஸ் மட்டும் எதிர்முனையில் மணி அடிக்கும் முன்பே அறுந்துபோகிறது என்றால், பெரும்பாலும் சிம்மில் ஃபேக்ஸ் சேவையே இல்லை என்று பொருள். கேட்டு வாங்க வேண்டியது டெலிசர்வீஸ் 62 (தானியங்கி ஃபேக்ஸ்) அல்லது 61 (ஒரே அழைப்பில் பேச்சும் ஃபேக்ஸும் மாறிமாறி). வெளிநாட்டில் ரோமிங்கில் இருந்தால், அங்கிருக்கும் நெட்வொர்க்கும் ஃபேக்ஸுக்கு இடம் தந்திருக்க வேண்டும்.

அனுப்புவது எளிது. போன் பகுதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்; 9000-ல் போனை அணைத்துவிட்டுக் கைக்கணினியை மட்டும் பயன்படுத்த முடியும் என்பதால் இது அடிக்கடி மறக்கும் விஷயம். ஃபேக்ஸ் விசையை அமுக்கி, கடிதத்தைத் தட்டச்சு செய்து, பெறுபவரைத் தேர்ந்து, அனுப்பும் கட்டளையைக் கொடுத்தால் அது அவுட்பாக்ஸில் போய் நிற்கும். அங்கிருந்து அழைப்பு கிளம்பும். முகவரிப் பதிவில் எண்ணை ஃபேக்ஸுக்கான இடத்திலேயே, + குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து எழுதுங்கள். எல்லை தாண்டினாலும் அதே பதிவு வேலை செய்யும். எதிர்முனை எண் நேரடி ஃபேக்ஸ் லைனாக இருப்பது முக்கியம். "எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்" என்று சொல்லும் அலுவலகத் தொலைபேசி ஸ்விட்ச்போர்டுக்குப் பின்னால் இருக்கும் மெஷினை இதிலிருந்து எட்டுவது கடினம். ஃபேக்ஸாகத் தொடங்கிய அழைப்பில் விசை அழுத்திச் சத்தம் அனுப்பக் குரல்வழி இல்லை.

நீங்கள் அடித்த எழுத்துகள் எழுத்துகளாகப் போவதில்லை. கருவியே அவற்றை ஒரு வரிக்கு 1728 புள்ளி கொண்ட படமாக மாற்றுகிறது. சாதாரணத் தரத்தில் ஏ4 பக்கத்துக்கு ஏறக்குறைய 1,140 வரி. நுண்தரத்தில் அதற்கு இரட்டிப்பு. சுருக்காமல் வைத்தால் சாதாரணப் பக்கமே 240 கிலோபைட்டைத் தாண்டும். சுருக்கிய பிறகு 40 கிலோபைட் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 1200 பைட் வீதம் 34 நொடி. கட்டணம் நிமிடக் கணக்கு என்பதால், வெறும் எழுத்துக்கு நுண்தரம் தேவையில்லை என்பது என் கருத்து. சிறிய எழுத்தோ வரைபடமோ இருந்தால் மட்டும் நுண்தரம் போடுங்கள்.

அழைப்பு போனதும் எக்ஸ்சேஞ்ச் மோடம் 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி கூவி, மூன்று நொடி நிறுத்தி, மறுபடி கூவும். எதிர் மெஷின் 2100 ஹெர்ட்ஸில் பதில் தரும். பிறகு எந்த வேகத்தில் அனுப்புவது என்று நொடிக்கு 300 பிட் வேகத்தில் பேரம், அந்த வேகம் சரிவருமா என்று ஒன்றரை நொடி சோதனை. சோதனை தேறாவிட்டால் 9600 போய் 7200, 4800, 2400 என்று இறங்கும். இந்தப் பேச்சுக்கெல்லாம் நொடிக்கணக்கில் கெடு உண்டு. வானலை வழியாகப் போய்வரும் தாமதத்தில் சில பழைய மெஷின்கள் பொறுமையிழந்து திரும்பக் கேட்கத் தொடங்கும், இரண்டு பக்கச் செய்தியும் மோதும், அழைப்பு விழும். அப்படியானால் சிறிது இடைவெளி விட்டு மறுபடி அனுப்புவதைவிட நல்ல வழி இல்லை.

பக்கத்தில் கோடுகோடாகக் கீறல் விழுந்தால் காரணம் வேறு. சாதாரண ஃபேக்ஸ் சேவை பிழையான பிட்டைத் திரும்பக் கேட்டு வாங்காது. ஓடும் ரயிலில் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணத்தில் சில வரிகள் சிதையும். சன்னலோரம் உட்கார்ந்து, சிக்னல் நிலையாக இருக்கும்போது அனுப்புங்கள்.

பெறுவதில்தான் சிக்கல் அதிகம். லேண்ட்லைனிலிருந்து வரும் அழைப்பு, தான் குரலா ஃபேக்ஸா என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே சிம்முக்குக் குரல் எண் ஒன்று, ஃபேக்ஸ் எண் ஒன்று என்று தனித்தனியாகத் தந்தன. ஃபேக்ஸ் எண்ணுக்கு வருவதை நெட்வொர்க்கே ஃபேக்ஸ் என்று குறித்து அனுப்பும். மூடி மூடியிருந்தாலும் கருவி தானாக வாங்கிக்கொள்ளும். விசிட்டிங் கார்டில் அந்த இரண்டாம் எண்ணைத்தான் அச்சிட வேண்டும். ஒரே எண் மட்டும் இருந்தால், அனுப்புபவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நீங்கள் போனை ஃபேக்ஸ் ஏற்கும் நிலையில் வைக்க வேண்டும். அப்போது வரும் அழைப்புக்குப் போனே "இது ஃபேக்ஸ்" என்று நெட்வொர்க்குக்குப் பதில் சொல்லும். முடிந்ததும் பழைய நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் அடுத்துப் பேச அழைப்பவர் காதில் மோடம் அலறும்.

இன்னொரு பொறி கால் டைவர்ட், அதாவது வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் வசதி. **21*எண்# என்று போட்டால் அது எல்லாச் சேவைக்கும் பொருந்தும். உங்கள் ஃபேக்ஸும் குரலஞ்சல் பெட்டிக்குப் போய் வீணாகும். குரலை மட்டும் திருப்ப **21*எண்*11# போடுங்கள். ஃபேக்ஸை மட்டும் திருப்ப 11-க்குப் பதில் 13. போன் அணைந்திருக்கும்போது மட்டும் அலுவலக மெஷினுக்கு ஃபேக்ஸ் போக வேண்டுமானால் **62*எண்*13#. நிலையைப் பார்க்க *#62**13#, நீக்க ##62**13#.

வந்த பக்கம் 1728 புள்ளி அகலம், திரை 640. முழு அகலத்தையும் திரைக்குள் அடக்கினால் அமைப்பு மட்டும் தெரியும். படிக்கப் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்த வேண்டும். பயனர் தரவுக்கு இருப்பது 2 மெகாபைட்தான். 40 கிலோபைட் பக்கம் ஐம்பது வந்தால், வேறெதுவும் இல்லாவிட்டாலும் இடம் தீரும். நீண்ட ஒப்பந்தம் வரவிருக்கும் நாளில் பழையதை முதலில் அழித்துவிடுங்கள்.

அச்சிட பிரிண்டர் தேட வேண்டாம். வந்த ஃபேக்ஸை ஹோட்டல் வரவேற்பறையின் ஃபேக்ஸ் எண்ணுக்கு அப்படியே திருப்பி அனுப்புங்கள், காகிதம் கையில் வந்துவிடும். கையெழுத்துப் போட்ட தாளைக் கருவிக்குள் கொண்டுவரவும் இதே மெஷின் போதும்: தாளை அதில் செருகி உங்கள் ஃபேக்ஸ் எண்ணுக்கு அனுப்பினால் அதுவே ஸ்கேனர். அந்தப் படத்தைப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

இன்று ஒரு 9000 கிடைத்து ஃபேக்ஸ் அனுப்பிப் பார்க்க ஆசைப்பட்டால், உங்கள் ஊரில் 900 மெகாஹெர்ட்ஸில் 2ஜி இருப்பது மட்டும் போதாது. எக்ஸ்சேஞ்சில் அந்த மோடமும் இருக்க வேண்டும். 2ஜி-யை விட்டுவைத்த நிறுவனங்கள் பலவும் மோடத்தை எடுத்துவிட்டன. இரண்டு கம்யூனிகேட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும், ஒன்றிலிருந்து மற்றதற்கு ஃபேக்ஸ் போக அதே எக்ஸ்சேஞ்ச் வழிதான்.