நூல்கண்டாகச் சுற்றிய குழாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் நடந்த படையிறக்கம் பற்றிய கட்டுரையில், பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குக் கடலடியில் பெட்ரோல் குழாய் போட்டதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்தப் ‘புளூட்டோ’ திட்டம்தான் நேசப்படைகளை வெல்ல வைத்தது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? எந்தக் கம்பெனியின் வேலை அது?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

வெல்ல வைத்தது என்பது மிகை. போர் முடியும்வரை பிரிட்டனிலிருந்து அந்தப் படைகளுக்குப் போன எரிபொருளில் புளூட்டோவின் பங்கு சுமார் 8 சதவீதம்தான். மற்றதெல்லாம் கப்பலில் போனது.

ஒரு கம்பெனியின் வேலையும் அல்ல. 1942இல் யோசனை சொன்னவர் ஆர்தர் ஹார்ட்லி, ஆங்கிலோ-இரானியன் எண்ணெய் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். கடலடித் தந்திக் கேபிளின் நடுவிலுள்ள செம்பை உருவிவிட்டு அங்கே ஈயக்குழாயை வைத்தால் என்ன என்று கேட்டார். வுல்விச்சில் இருந்த சீமன்ஸ் பிரதர்ஸ் செய்து கொடுத்தது. (பெயர் ஜெர்மன்தான். கம்பெனி பிரிட்டிஷ்.)

இன்னொரு வகை எஃகுக்குழாய். பர்மா ஆயில் கம்பெனியின் எல்லிஸும் இராக் பெட்ரோலியத்தின் ஹாமிக்கும் கொண்டுவந்தது. இருவர் பெயரையும் ஒட்டி அதற்கு ‘ஹாமெல்’ என்று பெயர். 3 அங்குல எஃகுக்குழாயைப் போதுமான அளவு பெரிய சக்கரத்தில் சுற்றலாம், இழுத்தால் மறுபடி நிமிர்ந்துவிடும் என்று கண்டார்கள். ஆகவே 30 அடிக்கும் மேல் விட்டமுள்ள மிதக்கும் உருளைகளைச் செய்து, மைல் கணக்கில் பற்றவைத்த குழாயை நூல்கண்டு போலச் சுற்றினார்கள். இழுவைக் கப்பல்கள் இழுக்க, உருளை சுழன்று குழாயைக் கடலுக்குள் விட்டுக்கொண்டே போக வேண்டும்.

காகிதத்தில் அழகு. 1944 ஆகஸ்டில் பிரான்சின் செர்பூர் துறைமுகத்துக்குப் போட முயன்றபோது, முதல் கேபிள் துணைக்கப்பலின் நங்கூரத்தில் சிக்கியது. அடுத்தது கூட வந்த ஒரு கப்பலின் சுழலியில் சுற்றிக்கொண்டது. பிறகு உருளையை எடுத்தார்கள். அடியில் டன் கணக்கில் கொட்டலசு (கப்பலடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டியிருந்ததால் அது சுழலவே இல்லை! செப்டம்பரில் ஒருவழியாக எண்ணெய் போனது. அக்டோபர் 4ஆம் தேதி அந்தத் தடமே கைவிடப்பட்டது. இங்கிலாந்தின் டங்கனஸிலிருந்து பிரான்சின் பூலோன் பக்கம் போட்ட 17 குழாய்கள்தான் பிறகு வேலையைச் செய்தன.

என் கட்டுரையில் ஒரு வரியோடு நிறுத்தியது தப்புதான். ஆனால் நான் விட்டது போர்க்கதையை அல்ல, அந்த உருளையை. 1979இல் சான்டா ஃபே என்ற அமெரிக்க நிறுவனம் இறக்கிய ‘அப்பாச்சி’ கப்பல், குழாயைக் கரையிலேயே பற்றவைத்துச் சுருளாகச் சுற்றிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. எல்லிஸும் ஹாமிக்கும் செய்ததும் அதுதான்.

புளூட்டோ குழாய்களில் பெரும்பகுதியைப் போருக்குப் பின் வெளியே இழுத்து, ஈயத்தையும் எஃகையும் பழைய சாமானாக விற்றுவிட்டார்கள். உள்ளே மிச்சமிருந்த பெட்ரோலைக்கூட விடவில்லை.