நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின் பாடல்களில் குரல் வரவே ஏன் இவ்வளவு நேரம்? எதில் கேட்கத் தொடங்கலாம்?

குரலுக்கு முன் ஓடும் வாத்திய இசை வெறும் முன்னுரை இல்லை, பாட்டில் பாதி அதுதான். அவர் உருவாக்கிய ஆஃப்ரோபீட் இசையில் இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே பாட்டு. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். கிட்டார்கள் சின்னச் சின்னத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அடியில் அவர் குழுவின் டிரம்மர் டோனி ஆலனின் டிரம்ஸ். இரு கை, இரு கால், நான்கும் தனித்தனிக் கணக்கு. கைப்பேசி ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும், அப்புறம் 'ஒரே மாதிரி இருக்கே' என்றுதான் தோன்றும். ஹெட்போன் போடுங்கள். சுருக்கிய பதிப்புகள் வேண்டாம்.

'ஜாம்பி'யில் (1976) தொடங்குங்கள். சொன்னதைச் செய்யும் சிப்பாயை நடைப்பிணம் என்கிறது பாட்டு. ஃபெலா அணிவகுப்புக் கட்டளைகளைக் கத்த, பின்பாட்டுப் பெண்கள் ஒரே சொல்லில் பதில் தருவார்கள். கேலி அந்தப் பதிலில்தான் இருக்கிறது. தாய்மொழியான யொருபாவில் பாடாமல், பல இனத்தாரும் பேசும் எளிய கலப்பு மொழியான பிட்ஜின் ஆங்கிலத்தில் பாடியதால் நைஜீரியாவின் மற்ற இனத்தாருக்கும் அது புரிந்தது, ராணுவத்துக்கும்தான். 1977 பிப்ரவரி 18 அன்று லாகோஸில் அவருடைய கலகூட்டா குடியிருப்பைப் படையினர் தாக்கி எரித்தார்கள். ஜன்னல் வழியே வீசப்பட்ட தாய் ஃபுன்மிலாயோ, பெண்ணுரிமைப் போராளி, மறு ஆண்டு இறந்தார். அவர் பெயரில் ஒரு சவப்பெட்டியை ராணுவத் தலைமையகத்துக்கே கொண்டுபோனார் மகன். 'காஃபின் ஃபார் ஹெட் ஆஃப் ஸ்டேட்' அதைப் பற்றியது.

அடுத்து 'வாட்டர் நோ கெட் எனிமி' (1975): தண்ணீருக்குப் பகையில்லை என்ற பழமொழி, கோபமே இல்லாத பாட்டு. 'லேடி'யில் தாளம் அபாரம், ஆனால் பெண்களைப் பற்றிய பார்வை பிற்போக்கு. அதை மழுப்பத் தேவையில்லை.